மாமா என்பதில் எத்தனை எழுத்து?

பைத்தானில் 'மாணவர்' என்றொரு கிளாஸ் எழுதியிருந்தாள் அக்கா மகள். மதிப்பெண் லிஸ்ட்டை கிளாஸிலேயே நேரடியாக வைத்துவிட்டாள். கவிதாவுக்கு 90 சேர்த்தால் முருகனுக்கும் 90 விழுகிறது. "மாமா, பேய் புகுந்த மாதிரி இருக்கு."

எனக்குச் சிரிப்பு. புதிதாகக் கற்கிற பலரும் செய்கிற தப்புதானே! "லிஸ்ட்ட இனிட்டுக்குள்ள, செல்ஃப் போட்டு எழுது." எழுதினாள், சரியாகிவிட்டது. முகம் மட்டும் தெளியவில்லை.

"பள்ளிக்கூடப் பேரையும் கிளாஸ்லதான வச்சிருந்தேன்? கவிதாவுக்கு மாத்தினப்ப அது மட்டும் ஏன் முருகனுக்கு மாறல?"

நான் அதைக் கவனிக்கவே இல்லை.

'மாமா' என்பதில் எத்தனை எழுத்து? எண்ணினால் இரண்டு. வகையைக் கேட்டால் 'மா' ஒன்றுதான். 1906இல் சார்ல்ஸ் பியர்ஸ் இதற்கு டைப், டோக்கன் என்று பெயர் வைத்தார். கிளாஸ் வேறு, இன்ஸ்டன்ஸ் வேறு என்று அவளுக்கு வகுப்பெடுத்த ஆள், அவளுடைய தப்பை 'தொடக்கக்காரர் தப்பு' என்ற வகையாக மட்டுமே பார்த்திருக்கிறேன். வகை தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோயாளி பேசி முடிப்பதற்குள் சீட்டெழுதிவிட்டேனே.

என் திருத்தத்தை அழித்துவிட்டு, அவள் எழுதியதையே திரும்பப் போட்டு ஓட்டினோம். பள்ளியின் பெயரை மாற்றும்போது கவிதாவிடம் புதிதாக ஒரு பெயர் பிறக்கிறது, கிளாஸில் இருப்பது அப்படியே இருக்கிறது. அப்பெண்ட் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை, எல்லாருக்கும் பொதுவான அதே லிஸ்ட்டில் போய்ச் சேர்க்கிறது.

"அப்போ நான் முதல்ல நெனச்சது பாதி சரிதான?" என்றாள்.

பாதிக்கு மேலேயே சரி.