இடமும் தகுதியும்

போட்டியொன்றில் ஒருவன் பெறும் இடம் அவனுடைய தகுதிக்கு அளவுகோலாகுமா? முதலாவதாக வந்தவன் சிறந்தவன் என்பதும் பின்னே வந்தவன் அவனிற் குறைந்தவன் என்பதும் உலகியலில் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்துக்களாகும். பரீட்சை மண்டபமும் விளையாட்டுத் திடலும் இந்நம்பிக்கையின் மீதே எழுப்பப்பட்டுள்ளன. ஆயின், மோட்டார்ப் பந்தய வரலாற்றில் நூற்றுப்பத்து ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து இந்நம்பிக்கை ஆட்டங்காண்கின்றது.

மோட்டார்ப் பந்தயத்தின் பிறப்பிடம் பிரான்ஸ். அங்கே 1895 யூன் மாதத்தில், பாரிஸ் நகரிலிருந்து போர்தோ நகர் வரை சென்று மீளும் பந்தயமொன்று நடத்தப்பட்டது. பாதையின் நீளம் ஏறத்தாழ 1,180 கிலோமீற்றர். எமில் லெவசோர் என்பார் தாம் பங்காளராயிருந்த பனார் - லெவசோர் நிறுவனத்தின் காரிலே புறப்பட்டார். இடைவழியிற் காரைப் பொறுப்பேற்க வேண்டியிருந்த மாற்றுச் சாரதி, அவர் அத்துணை விரைவில் வந்துசேர்வாரென எண்ணாது உறங்கிக்கொண்டிருந்தார். எனவே லெவசோர் தாமே தொடர்ந்து ஓட்டி, 48 மணி 48 நிமிடங்களிற் பாரிசை மீண்டும் அடைந்தார். அடுத்த கார் வந்துசேரப் பல மணி நேரஞ் சென்றது. எனினும் முதற்பரிசு அவருக்குக் கிட்டவில்லை. இரண்டு இருக்கைகளே கொண்ட கார் அப்பரிசுக்கு உரியதன்று என்பது விதி; லெவசோரின் கார் அத்தகையதே. பரிசு, மூன்றாவதாக வந்த கெக்லின் என்பாரின் பேஜோ காருக்குச் சென்றது. இதில் எவரும் எவருக்கும் அநீதி இழைத்தாரல்லர். விதி விதியாகவே நின்றது. ஆயினும் கெக்லினே சிறந்த சாரதி என இன்று கூறுவார் யாருமிலர்.

மற்றைய நிகழ்ச்சி 2005 யூன் 19 ஆம் திகதி அமெரிக்காவின் இன்டியானாபொலிஸ் நகரில் நிகழ்ந்தது. அதில் நோக்கத்தக்கவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். பிரான்சிலுள்ள வின்பீல்ட் பந்தயப் பள்ளியிற் பயின்றவர். அவ்வாண்டிலேயே ஜோர்டான் அணியிற் சேர்ந்து, 'போர்மியூலா வண்' என்னும் உலகின் தலையாய பந்தயத் தொடரில் ஓடிய முதல் இந்தியர் என்னும் பெயரைப் பெற்றவர். அன்றைய பந்தயத்துக்கு இரு தினங்களின் முன், பயிற்சியின்போது பதின்மூன்றாம் வளைவில் ஒரு கார் ரயர் பழுதுற்றுச் சுவரில் மோதிற்று. அவ்வளைவில் வேகத்தைக் குறைத்தாலன்றித் தன் ரயர்களின் பாதுகாப்புக்கு உறுதிகூற இயலாதென மிஷெலின் நிறுவனம் அறிவித்தது. வளைவில் வேகத்தடுப்பு அமைக்கும் யோசனை ஏற்கப்படவில்லை. பந்தயத் தொடக்கத்துக்கு முந்திய சுற்று முடிந்ததும் மிஷெலின் ரயர் பூண்ட 14 கார்களும் களத்தை விட்டு நீங்கின. வேறு நிறுவனத்தின் ரயர் பூண்ட 6 கார்களே ஓடின. பார்வையாளர் சினந்து போத்தல்களை எறிந்தனர். கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகளைப் பெற்றார். அவருடைய போர்மியூலா வண் வாழ்வின் மொத்தப் புள்ளிகளும் அவ்வைந்தே.

முன்னையவருக்குத் தகுதியிருந்தும் பரிசில்லை. பின்னையவருக்குப் புள்ளியிருந்தும் களம் நிறையவில்லை. அவ்வாறாயின் அந்நான்காம் இடத்துக்கு என்ன மதிப்பு? எதிரிகள் அகன்றபின் பெற்றது வெறுமையே என ஒரு சாராரும், விதிப்படி பெற்றது முழுமையான பேறே என மறுசாராரும் கூறலாம்.

இவ்வினாவுக்கு விடைகாண மட்டக்களப்பு மண்ணின் மரபொன்று துணைநிற்கும். வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கண்ணகி வழிபாட்டோடு இணைந்து ஆடப்பட்டுவந்தது கொம்புமுறி விளையாட்டு. ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு பிரிவினராகி, வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பூட்டி இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவராவர். இங்கு ஓருண்மை தெளிவாகின்றது. எதிர்த்து இழுப்பவர் இல்லையேற் கொம்பு முறியாது. கொம்பு முறியாதவிடத்து வென்றவரும் இலர். எதிரணி வெற்றிக்குத் தடை மட்டுமன்று, வெற்றியை ஆக்கித் தருவதும் அதுவே. ஆகவே, இன்டியானாபொலிசில் நான்காமிடம் பெற்றவர் அகன்றுபோன 14 சாரதிகளையும் வென்றவர் எனக் கூறுதல் பொருந்தாது.

எனினும் அவர் ஓடியது தவறென்றும் கூறவியலாது. அவருடைய ரயர்கள் பழுதற்றவை. பிறர் விலகியதற்குக் காரணம் அவரல்லர். விலகியவர்கள் உயிருக்கஞ்சி விலகியது எத்துணை நேர்மையோ, அவ்வச்சத்துக்குக் காரணமில்லாதவர் ஓடியதும் அத்துணை நேர்மையே. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். இரண்டனுள் ஒன்றை மட்டுங் கொண்டு மனித வாழ்வை விளக்கவியலாதென்பது அதனாற் பெறப்படும். களம் குறைந்தது ஊழின்பாற்பட்டது. குறைந்த களத்திலும் இறுதிவரை பிழையின்றி ஓட்டி முடித்தது ஆள்வினையின்பாற்பட்டது. பின்னையதே அவருடைய உடைமை.

ஆறாண்டுகளின் பின், 2011 ஒக்டோபர் 30 ஆம் திகதி, டெல்லிக்கு அண்மையில் இந்தியாவின் முதலாவது போர்மியூலா வண் பந்தயம் நிகழ்ந்தது. பின்வரிசை அணியொன்றின் காரை ஓட்டிய கார்த்திகேயன், 24 கார்கள் நின்ற நிறைகளத்திலே 17 ஆம் இடத்தைப் பெற்றார். புள்ளிப்பட்டியல் அதற்குத் தந்தது சுழியமே. ஆறு பேருள் நான்காமவனாதல் பெரிதா, இருபத்துநால்வருள் பதினேழாமவனாதல் பெரிதா? பட்டியல் முன்னையதையே பெரிதென்னும். களத்தையும் காரையும் கருத்திற்கொண்டு தீர்ப்பளிப்போன் பின்னையதைச் சிறிதென்னத் துணியான்.

இது பந்தயச் சாரதிகளுக்கு மட்டும் உரிய வினாவன்று. இலங்கையிற் பல்கலைக்கழக அனுமதி 1970களிலிருந்து மாவட்ட அடிப்படையையும் கணக்கிற்கொண்டு வருகின்றது. கல்வி வாய்ப்பிற் பின்தங்கியவையென வகுக்கப்பட்ட மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. படுவான்கரைப் பாடசாலையொன்றிலிருந்து அவ்வொதுக்கீட்டின் வழி பல்கலைக்கழகம் புகும் மாணவன், 'உன் இடம் களம் குறைந்ததாற் கிடைத்தது' என்னும் சொல்லைக் கேட்க நேர்கின்றது. அச்சொல் கேட்டு நாணுதல் வேண்டுமா? வேண்டியதில்லை. அவன் எவரையும் களத்தினின்று அகற்றினானல்லன். ஆசிரியரும் ஆய்வுகூடமும் அற்ற பாடசாலையிலே படித்தமையும் அவன் தேர்ந்துகொண்ட ஊழன்று. ஆனால், தான் பெற்ற இடத்தைத் தன் தகுதியின் முழுச் சான்றாகக் காட்டிச் செருக்குறுதலும் அவனுக்குத் தகாது. அவ்விடம் அவனுக்கு அளிக்கப்பட்ட கடன். நான்கு ஆண்டுக் கல்வியே அக்கடனை இறுக்கும் வழி. நிறைகளத்தில் நின்று நகர மாணவனும் இதே விதிக்கு உட்பட்டவனே. அவன் பெற்ற இடத்திலும் நல்ல நூலகமும் தனியார் வகுப்பும் பங்குகொண்டுள்ளன. அவற்றை மறந்து, 'யாவும் என் முயற்சியே' என்பானாயின், அவன் கூறுவதும் பாதியுண்மையே.

எனவே, இடத்தைப் பெறுவதில் அன்று, பெற்ற இடத்தைப் பற்றிப் பேசுவதிலேயே அறம் சோதிக்கப்படுகின்றது. ஒரு சமுதாயம் தன் முன்னோடிகளைப் போற்றுதல் இயல்பு, வேண்டப்படுவதும் ஆகும். ஆனால் 'நான்காமிடம்' என்று கூறும் நா, 'ஆறு பேருள்' என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். அங்ஙனங் கூறுவதாற் கார்த்திகேயனின் பெருமை குன்றாது. இரு இருக்கைக் காரின் கதையைக் கூறுவதால் லெவசோரின் பெருமை குன்றாதவாறு போல. மறைக்கப்பட்ட பாதி வெளிப்படுமோ என்று அஞ்சவேண்டாத புகழே நிலைக்கும் புகழாகும்.