பிறக்காதவர்களின் கையெழுத்து

2008 டிசம்பர் முதல் வாரத்தில் சிகாகோ மாநகர மன்றத்தின் முன் ஓர் ஒப்பந்தம் வைக்கப்பட்டது. நகரத் தெருக்களில் நிற்கும் சுமார் 36,000 பார்க்கிங் மீட்டர்களின் வசூலை 75 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் நிறுவனத்திடம் விட்டுவிட வேண்டும். பதிலுக்கு ஏறக்குறைய 115 கோடி டாலர் மொத்தமாகக் கைக்கு வரும். மேயர் ரிச்சர்ட் டேலி இதை அறிவித்தது டிசம்பர் 2ஆம் தேதி. மன்றம் வாக்களித்தது 4ஆம் தேதி. ஆதரவு 40, எதிர்ப்பு 5. வீட்டுக்கு பிரிட்ஜ் வாங்குகிறவர்கள்கூட இதைவிடக் கூடுதலாக நாலு கடை ஏறி இறங்குவார்கள்.

வாங்கியது மோர்கன் ஸ்டான்லி தலைமையிலான முதலீட்டாளர் குழு. மறு ஆண்டு ஜூனிலேயே நகரின் தலைமை ஆய்வாளர் டேவிட் ஹாஃப்மன் ஓர் அறிக்கை வெளியிட்டார்: அந்த மீட்டர்களின் மதிப்போடு ஒப்பிட்டால் நகரம் 97.4 கோடி டாலர் குறைவாகப் பெற்றிருக்கிறது. நகர மையமான லூப் பகுதியில் 2009இல் மணிக்கு 3.50 டாலராக இருந்த கட்டணம் 2013இல் 6.50 ஆனது. வந்த பணத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் பட்ஜெட் பற்றாக்குறைக்குப் போய்விட்டது. முதலீட்டாளர்களோ போட்ட முதலை எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தம் முடிய 2080கள் வர வேண்டும்.

சிகாகோவில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் விலையைத்தான் பேசுவார்கள். அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார்கள் என்பது அங்கே கட்சி வேறுபாடில்லாத புகார். ஆனால், விலை சரியாகவே இருந்திருந்தாலும் தீராத கேள்வி ஒன்று இதில் இருக்கிறது. 2070இல் அந்தத் தெருவில் வண்டி நிறுத்தப்போகிற ஒருத்தி இன்னும் பிறக்கவே இல்லை. அவள் சார்பில் கையெழுத்துப் போடும் உரிமையை அந்த 40 பேருக்கு யார் கொடுத்தார்கள்?

அரசு–தனியார் கூட்டு என்று அரசுகள் அழைக்கும் ஏற்பாட்டின் அடியில் இந்தக் கேள்வி எப்போதும் கிடக்கிறது. ஏற்பாடு என்னவோ எளிமையானதுதான். அரசுக்குச் சாலையோ மருத்துவமனையோ வேண்டும். கையில் பணமில்லை, அல்லது கடன் கணக்கில் ஏற்றிக்காட்ட மனமில்லை. தனியார் நிறுவனம் பணம் திரட்டிக் கட்டுகிறது. முப்பது ஆண்டுகளுக்குச் சுங்கக் கட்டணமாகவோ, அரசு தரும் ஆண்டுத் தவணையாகவோ அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பிறகு சொத்து அரசிடம் வந்துவிடும். சிகாகோவில் புதிதாக எதுவும் கட்டவில்லை, இருந்ததைக் குத்தகைக்கு விட்டார்கள். வடிவம் வேறு, இரண்டிலும் காலத்தின் மீது வாங்கப்படும் கடன் ஒன்றே.

இந்தக் கேள்வியை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்தவர் தாமஸ் ஜெபர்சன். 1789 செப்டம்பர் 6ஆம் தேதி, பாஸ்டில் சிறை விழுந்து இரண்டு மாதம்கூட ஆகாத பாரிஸிலிருந்து ஜேம்ஸ் மேடிசனுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பூமி உயிரோடு இருப்பவர்களுடையது. அதிலும் அவர்களுக்கு அனுபவ பாத்தியதைதான் உண்டு, கெடுத்துவிட்டுப் போகும் உரிமை இல்லை என்பது அவர் வாதம். ஆகவே ஒரு தலைமுறை தன் ஆயுளைத் தாண்டி அடுத்த தலைமுறையைக் கடனில் கட்டிப்போட முடியாது. ஒரு தலைமுறையின் ஆயுள் எவ்வளவு? பிரெஞ்சு இயற்கை அறிஞர் புஃபோனின் இறப்பு அட்டவணைகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்கிட்டார். இன்று உயிரோடிருக்கும் வயதுவந்தோரில் பாதிப்பேர் 18 ஆண்டு 8 மாதத்தில் இறந்திருப்பார்கள் என்று வந்தது. சுற்றி 19 என்றார். 19 ஆண்டுக்கு மேல் நீளும் எந்தப் பொதுக் கடனும் செல்லாது, எந்தச் சட்டமும் செல்லாது. அந்த அளவுகோலில் சிகாகோ ஒப்பந்தம் ஏறக்குறைய நான்கு தலைமுறைகளை விழுங்கியிருக்கிறது.

மேடிசன் 1790 பிப்ரவரியில் பதில் எழுதினார். பணிவான கடிதம், ஆனால் ஜெபர்சனின் கட்டடத்தை அஸ்திவாரத்திலேயே ஆட்டிவிடுகிறது. செத்தவர்கள் விட்டுப்போவது வெறும் பூமியை அல்ல, அதில் அவர்கள் செய்துவைத்த மேம்பாடுகளையும் சேர்த்துத்தான். பலனை அனுபவிக்கிறவர்கள் அதற்கான கடனையும் சுமப்பதில் என்ன அநியாயம்? சில கடன்கள் பின்வருகிறவர்களின் நன்மைக்கென்றே வாங்கப்படுகின்றன. 19 ஆண்டுக்கு ஒருமுறை எல்லாம் காலாவதி ஆகும் என்றால் எவர் கடன் தருவார், எவர் எதைத்தான் கட்டுவார்?

ஜெபர்சனின் பிற்கால வாழ்க்கை மேடிசன் பக்கம் சாட்சி சொல்வது போலவே அமைந்தது. 1803இல் குடியரசுத் தலைவராக லூசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார். அதில் பெரும்பகுதிக்குக் கடன் பத்திரங்கள்தான். சொந்தக் கணக்கு இதைவிட மோசம். 1826இல் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் வைத்துவிட்டு இறந்தார். அதைத் தீர்க்க, 1827 ஜனவரியில் மான்டிசெல்லோ பண்ணையில் அவர் அடிமைகளாக வைத்திருந்த 130 பேர் ஏலத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கடன்காரரின் கையெழுத்துக்கு விலை கொடுத்தவர்கள், கையெழுத்துப் போடும் உரிமையே இல்லாதவர்கள்.

ஆனாலும் மேடிசனின் வாதத்துக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது; கூட்டு ஒப்பந்தங்களை ஆதரிக்கிறவர்கள் அதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். கடனோடு பலனும் போய்ச் சேர வேண்டும். லிவர்பூலின் ஸ்பீக் பகுதியில் பார்க்லண்ட்ஸ் என்ற உயர்நிலைப் பள்ளி இருந்தது. தனியார் நிதி முன்முயற்சி என்ற பிரிட்டிஷ் திட்டத்தில் கட்டப்பட்டது. பிள்ளைகள் குறைந்துபோனதால் 2014இல் மூடிவிட்டார்கள். ஒப்பந்தம் மட்டும் மூடவில்லை. காலிக் கட்டடத்துக்கு மாநகராட்சி ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பவுண்ட் கட்டிக்கொண்டிருந்தது. அந்தத் திட்டத்தை 1992இல் கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர் நார்மன் லாமன்ட் தொடங்கிவைத்தார், லேபர் கட்சி ஆரவாரமாக வளர்த்தது, 2018இல் இன்னொரு கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர் பிலிப் ஹாமண்ட் இனி புது ஒப்பந்தம் கிடையாது என்று முடித்துவைத்தார். அந்த ஆண்டு ஜனவரியில் தேசியத் தணிக்கை அலுவலகம் தந்த கணக்கு: 700க்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள், சொத்துகளின் மதிப்பு சுமார் 6,000 கோடி பவுண்ட், 2040கள் வரை இன்னும் கட்ட வேண்டியது 19,900 கோடி. பராமரிப்பும் சேவைகளும் இதில் அடக்கம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு நியாயமாக இருக்காது.

காலத்தைக் கட்டிப்போடும் ஆசை நவீன நிதித்துறையின் கண்டுபிடிப்பல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைக்கிறவர், ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்ற வழக்கப்படி ஆடுகளை இடையர்களிடம் விடுவார். அவர்கள் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை. ஆடு சாகுமே என்றால், இவை சாவா மூவாப் பேராடுகள்: குட்டிகள் ஈடுகட்டிவிடும், எண்ணிக்கை குறையாது என்பது சட்டக் கற்பனை. இடையரோடு அவர் உறவினரும் பின்வந்தோரும் சேர்த்தே பிணைக்கப்பட்டார்கள். அந்தப் பேரப்பிள்ளைகளை ஒருவரும் கேட்கவில்லைதான். என்றாலும் மேடிசன் இதை ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பார்: நெய் அளக்கும் கடமையோடு மந்தையும் அல்லவா அவர்களுக்கு வந்தது!

சாகாத ஆடு இருக்கட்டும். சாகாத திட்டச் செலவு ஒன்று டெல்லிக்கும் நொய்டாவுக்கும் நடுவே உருவானது. யமுனையைக் கடக்கும், சுமார் 9 கிலோமீட்டர் நீளமுள்ள டி.என்.டி. மேம்பாலச் சாலைக்கான ஒப்பந்தம் 1997இல் கையெழுத்தானது. 2001இல் சாலை திறக்கப்பட்டது. கட்டியது ஐ.எல்.அண்ட் எஃப்.எஸ். நிறுவனம் இதற்கென்றே தொடங்கிய நொய்டா டோல் பிரிட்ஜ் கம்பெனி. வசூல் உரிமை 30 ஆண்டுகளுக்கு. சூட்சுமம் இன்னொரு ஷரத்தில் இருந்தது. மொத்தத் திட்டச் செலவின் மீது ஆண்டுக்கு 20 சதவீத வருவாய் உறுதி. ஓர் ஆண்டில் அவ்வளவு கிடைக்காவிட்டால் குறைந்த தொகை செலவோடு சேரும். அடுத்த ஆண்டு அந்தப் பெருத்த செலவுக்கு 20 சதவீதம். அதுவும் எட்டாவிட்டால் வசூல் காலமே நீளும். வண்டிகள் கட்டணம் செலுத்தச் செலுத்த, மீள வேண்டிய தொகை ஏறிக்கொண்டே போகும் விசித்திரம். கந்துவட்டிக்காரரின் நோட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

நொய்டா குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2016 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நிறுவனம் முதலையும் லாபத்தையும் எடுத்தாகிவிட்டது, ஒப்பந்தம் போட்டி ஏலமில்லாமல் தரப்பட்டது, கட்டணம் விதிக்கும் அதிகாரத்தை அப்படிக் கைமாற்ற நொய்டா நிர்வாகத்துக்கு உரிமையில்லை என்பவை தீர்ப்பின் முக்கியக் காரணங்கள். மூன்றாவதை ஜெபர்சன் ரசித்துப் படித்திருப்பார். விலை அதிகம் என்பதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. கொடுத்தவரிடம் கொடுக்கும் பொருளே இல்லை என்றது.

இதற்குக் கனமான எதிர்வாதம் உண்டு. போட்ட ஒப்பந்தத்தை நீதிமன்றமோ அடுத்த ஆட்சியோ கிழித்துப் போடலாம் என்று வந்தால், அடுத்த பாலத்துக்குப் பணம் தருகிறவர் அந்த ஆபத்துக்கும் சேர்த்து வட்டி கேட்பார். அதையும் சுங்கச்சாவடியில் மக்கள்தான் கொடுப்பார்கள். தவிர, அரசு வெளியிடும் சாதாரணக் கடன் பத்திரமும் பிறக்காதவர்களைக் கட்டத்தானே செய்கிறது? தனியார் கூட்டை மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும்?

இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது, அதுவே இந்த விவகாரத்தின் மையம். பத்திரத்தில் வாங்கிய கடன் பிற்காலத்தவரின் பணத்தைக் கேட்கிறது. எந்த வரியிலிருந்து எடுப்பது, எதைக் குறைப்பது என்ற முடிவை அவர்களிடமே விட்டுவிடுகிறது. சிகாகோ விற்றது அந்த முடிவை. ஒரு தெருவில் மீட்டர் இருக்கும் இடத்தை எடுத்துப் பேருந்துத் தடமோ சைக்கிள் தடமோ போட நகரம் விரும்பினால், நிறுவனத்தின் வருமான இழப்புக்கு ஈடு செய்ய வேண்டும். பழுதுபார்க்கவும் விழாவுக்கும் தெருவை மூடினால், வரம்பு தாண்டியதும் அதற்கும் பில் வரும். அடுத்த மேயர் ராம் இமானுவேல் அந்த பில்களோடு மல்லுக்கு நின்று 2013இல் மறுபேச்சு நடத்தினார். நகர மையத்துக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசம் கிடைத்தது. விலையாக மற்ற நாட்களில் வசூல் நேரம் நீண்டது. கார்களே குறைந்துபோகக்கூடிய ஒரு நூற்றாண்டில், தெரு எதற்கு என்று தீர்மானிக்கும் உரிமை 2008ஆம் ஆண்டு வியாழக்கிழமை ஒன்றின் வாக்கெடுப்பில் அடகு போயிருக்கிறது. இதற்கு எந்தத் தொகையும் நியாயமான விலையாக இருந்திருக்காது.

ஆகவே தலைமுறைகளுக்கு இடையிலான நியாயம் என்ற பெரிய தத்துவக் கேள்வி, நடைமுறையில் முடிவு தேதியை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்ற சிறிய ஷரத்தில் வந்து நிற்கிறது. சிலி நாடு 1998இல் சாண்டியாகோவிலிருந்து வால்பரைசோவுக்குப் போகும் ரூட்டா 68 நெடுஞ்சாலையை ஏலம் விட்டபோது, ஆண்டுகளைக் கேட்காமல் தொகையைக் கேட்டது. மொத்தமாக எவ்வளவு வசூலானால் போதும் என்று நிறுவனங்கள் எழுதித் தர வேண்டும், குறைவாகக் கேட்பவருக்கு ஒப்பந்தம். வட்டியைக் கழித்த இன்றைய மதிப்பில் அந்தத் தொகை சேர்ந்த அன்றே உரிமை முடியும். வண்டிகள் அதிகம் வந்தால் சீக்கிரம், குறைந்தால் தாமதம். டி.என்.டி. சூத்திரத்தை அப்படியே திருப்பிப் போட்டது போன்றது: இங்கே ஒவ்வொரு வண்டியும் முடிவை ஓர் அடி முன்னே இழுக்கிறது.

பிரிட்டன் இதே வழியில் அதற்கு முன்பே ஒரு பாலம் கட்டியிருந்தது. லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் நதியைக் கடக்கும் டார்ட்ஃபோர்டில், 1991இல் திறக்கப்பட்ட எலிசபெத் ராணி பாலத்தின் ஒப்பந்தம் அதிகபட்சம் 20 ஆண்டு. கடன் தீர்ந்தால் அதற்கு முன்பே முடிந்துவிடும். போக்குவரத்து எதிர்பார்த்ததைவிடப் பெருகியது, கடன் சீக்கிரமே தீர்ந்தது, 2003 மார்ச் 31 அன்று தனியார் நிறுவனம் கணக்கை முடித்துக்கொண்டு விலகியது. மறுநாள் ஏப்ரல் 1 முதல் அரசு, நெரிசலைக் கட்டுப்படுத்துவதற்கான கட்டணம் என்று புதுப் பெயர் வைத்துத் தானே வசூலைத் தொடர்ந்தது. 2025 செப்டம்பரில் காருக்கான தொகை மூன்றரை பவுண்டாக உயர்த்தப்பட்டது.