கடைசி முனை

1986 ஜனவரியில் வெளிவந்த மேக்கின்டாஷ் பிளஸ்ஸின் முதுகில் 25 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் உண்டு. வெளி ஹார்ட் டிஸ்க்கை மாட்டுவதற்கான ஸ்கஸி வாசல் அது. மேக்கின்டாஷ் வரிசையில் ஸ்கஸி முதன்முதலில் வந்தது இந்தக் கணினியில்தான். இதை இன்று உயிர்ப்பிக்க முனைகிறவர்கள் டிஸ்க்கையும் மதர்போர்டையும் தேடித் தேடிச் சோதிக்கிறார்கள். கேபிள் எங்கே முடிகிறது, எப்படி முடிகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

குளத்துப் படித்துறைக் கல்லில் மோதும் அலை திரும்பி வருகிறது. சரிவான மணற்கரையில் ஏறும் அலை அங்கேயே அடங்கிவிடுகிறது. கம்பியில் ஓடும் மின்துடிப்புக்கும் இதே கதிதான். கம்பி சட்டென்று முடிந்தால் துடிப்பு திரும்பி ஓடிவந்து, பின்னால் வரும் துடிப்பைக் குழப்பும். கேபிளின் முனையில் மாட்டும் டெர்மினேட்டர்தான் அந்த மணற்கரை. பழைய வகை டெர்மினேட்டரைத் திறந்தால் ஒவ்வொரு சமிக்ஞைக் கம்பிக்கும் இரண்டு மின்தடைகள் இருக்கும்: 5 வோல்ட் பக்கம் 220 ஓம், தரைப் பக்கம் 330 ஓம். யாரும் பேசாத நேரத்தில் கம்பியை ஏறக்குறைய 3 வோல்ட்டில் நிறுத்திவைப்பதும் இவைதான்.

ஒன்றோடொன்று கேபிளால் கோத்த சாதனங்களின் சங்கிலிக்கு இரு முனைகளிலும் ஒவ்வொரு டெர்மினேட்டர். நடுவில் கூடாது. விதி இவ்வளவுதான். ஆனால் முனை என்பது கேபிளின் முனை; சாதனத்தின் எண் அல்ல. கணினி 7, உள் டிஸ்க் இருந்தால் அது 0 என்று எண்கள் இருப்பதால், 6 என்று எண் வைத்த டிரைவைக் கடைசி என்று நினைத்துவிடுகிறோம். அது நடுவில் உட்கார்ந்திருக்கலாம். அதன் பெட்டிக்குள், கண்ணில் படாமல், சர்க்யூட் போர்டிலேயே மின்தடை வரிசைகள் செருகியிருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மூன்றாவது டெர்மினேட்டர் வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு டெர்மினேட்டருக்காக ஒரு கம்பியில் ஏறத்தாழ 20 மில்லியாம்பியரைச் சாதனத்தின் சில்லு இழுத்துக் கீழே இறக்க வேண்டும். சில்லுக்கு விதிமுறை கேட்கும் திறன் 48. இரண்டைத் தாங்கும், மூன்றுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

பிளஸ்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. டெர்மினேட்டருக்கு வேண்டிய மின்சாரத்தை அது தருவதில்லை. டிரைவ்தான் தர வேண்டும். தராத டிரைவில் மாட்டிய டெர்மினேட்டர் வெறும் பிளாஸ்டிக்கும் உலோகமும்தான்.

என்னை அச்சுறுத்துவது இது எதுவும் அல்ல. தவறாக முடித்த சங்கிலியும் வேலை செய்கிறதே, அதுதான். கேபிள் குட்டையாக இருந்து, கணினி மெதுவாகவும் இருந்தால், எதிரொலி அடங்கிய பிறகே தரவு வாசிக்கப்படுகிறது. டிஸ்க் திறக்கிறது, கோப்புகள் தெரிகின்றன, நாம் நிம்மதியடைகிறோம். பிறகு ஒரு நாள் நீளமான கேபிளோ இன்னொரு டிரைவோ சேர்கிறது. வாசிக்கும்போது வரும் பிழையையாவது மறுபடி வாசித்துத் திருத்திக்கொள்ளலாம். எழுதும்போது வரும் பிழை டிஸ்க்கிலேயே பதிந்துவிடுகிறது. ஸ்கஸியின் முதல் விதிமுறையில் பிட் பிழையைக் கண்டுபிடிக்கும் பாரிட்டி சோதனைகூடக் கட்டாயமில்லை என்பதால், தவறிய பிட்டை யாரும் கேட்காமல் போகவும் வாய்ப்பு உண்டு.

அப்படி என் கையால் ஒரு டிஸ்க்கின் கோப்பகம் சிதைந்தது. நடு டிரைவின் மின்தடைகளை நான் கழற்றவில்லை. இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியதால் எல்லாம் சரி என்று நம்பினேன். அதில் இருந்த கடிதங்களுக்கு வேறு பிரதி இல்லை. அவற்றை எழுதியவர் உயிரோடும் இல்லை. டிஸ்க்கைக் கொடுத்தவரிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்த மாலையை நான் மறக்கவில்லை.

இப்போது யாராவது பழைய டிரைவ் கொண்டுவந்தால், மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே பெட்டியைத் திறந்து மின்தடை வரிசைகளைத் தேடுகிறேன். அந்த ஒரு டிரைவை மட்டும், கிடைப்பதில் மிகக் குட்டையான கேபிளில் மாட்டுகிறேன். முழு டிஸ்க்கையும் ஒருமுறை நகலெடுத்து, அணைத்து, மறுபடி இயக்கி இன்னொரு நகல் எடுக்கிறேன். இரண்டும் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகும்வரை அந்த டிஸ்க்கில் ஓர் எழுத்தைக்கூட எழுதுவதில்லை.