உடைமையும் உரிமையும்
கணினியின் தொடக்கக் கட்டளைகள் குறித்து ஒரு நோக்கு

விலைகொடுத்து வாங்கிய பொருள் முழுவதும் வாங்கியவனுக்கே உரியதாகின்றதா? கணினியைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு எளிதில் விடை கூறிவிட முடியாது. கணினி விழித்தெழுவதற்கான தொடக்கக் கட்டளைகள் தாய்ப்பலகையிலுள்ள சிறு சில்லொன்றில் எழுதப்பட்டுள்ளன. நிலைபொருள் எனப்படும் இவற்றின் மூலநிரலை உற்பத்தியாளர் பெரும்பாலும் வெளியிடுவதில்லை.

இதற்கு மாற்றாக 1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் தேசிய ஆய்வுகூடத்திலே றொன் மினிச் லினக்ஸ்பயோஸ் என்னும் திறந்த மூல நிலைபொருளைத் தொடக்கினார். 2008இல் அது கோர்பூட் எனப் பெயர் பெற்றது.

எனினும், இவ்வுரிமை ஆபத்தற்றதன்று. பிழையாக எழுதப்பட்ட சில்லு கணினியையே முடக்கிவிடும். 1998இல் தோன்றிய சி.ஐ.எச். நச்சுநிரல், மறு ஆண்டு ஏப்ரல் 26ஆந் திகதி பல கணினிகளின் நிலைபொருளை அழித்தது. ஆகவே பூட்டி வைத்தலே பாதுகாப்பு என்பர் ஒரு சாரார். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆயின், கவனமுள்ள பயனாளர் எவ்வாறு செயற்படுகின்றார் என்பது ஈண்டு நோக்கற்பாலது. தாய்ப்பலகையின் மாதிரியை அவர் முதலில் உறுதிசெய்கின்றார். பழைய உள்ளடக்கத்தை பிளாஷ்றொம் என்னும் மென்பொருளால் இருமுறை வாசித்து, இரண்டும் ஒத்திருப்பதைக் கண்டபின் வேறோரிடத்தில் சேமிக்கின்றார். மின்சாரம் தடைப்படாதவாறு புதியதை எழுதிச் சரிபார்க்கின்றார். தவறு நேரின், கணினியின் மின்னிணைப்பை நீக்கி, சில்லின் கால்களிற் கவ்வியைப் பொருத்தி, அச்சில்லுக்குரிய மின்னழுத்தத்தில் வெளிக்கருவியொன்றினால் பழையதை மீள எழுதுகின்றார். மீளும் வழியைப் பேணிக்கொண்டே மாற்றத்தை நாடுவது வெறும் தொழில்நுட்பமன்று. அது ஓர் அறநெறியுமாகும்.

இதற்கு மாறாக, இன்டெல் நிறுவனம் 2013இல் அறிமுகப்படுத்திய பூட் கார்ட் முறையில் உற்பத்தியாளரின் திறவுகோல் அடையாளம் வன்பொருளில் அழியாதவாறு பதிக்கப்படலாம். அதன் கடுமையான அமைப்பில், அவர் ஒப்பமிடாத நிலைபொருள் இயங்காது. இங்கு மீளும் வழி இல்லை. பிறனொருவனின் உடைமைமீது மாற்றவொண்ணாத தீர்ப்பை விதிக்கும் அதிகாரம் விற்றவனுக்கு எங்கிருந்து வந்தது?

பாதுகாப்புக்கு வேறு வழியும் உண்டு. பழைய குரோம்புக் கணினிகள் பலவற்றில் எழுத்துத் தடையாக ஒரு திருகாணி இருந்தது. தொலைவிலிருந்து வரும் நச்சுநிரல் அதைக் கழற்ற முடியாது. கணினியைக் கையில் வைத்திருப்பவன் கழற்றலாம். பூட்டு வேண்டியதே, ஆனால் அதன் திறவுகோல் உடையவனிடம் இருத்தல் வேண்டும். பாதுகாப்பின் பெயரால் அதனைப் பறிப்பது, அவனைத் தன் உடைமைக்கே வாடகையாளனாக்குவதாகும்.