தெளிவு யாருக்கு?

புகைப்படம் ஒன்றைக் கையில் வாங்கியதும் மக்கள் முதலில் கேட்பது, படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்பதே. அதற்கு விடை கூறுவது எளிது. படத்தில் எது தெளிவாக விழுந்திருக்கிறது, அதுவே தெளிவுபெற வேண்டும் என்று முடிவு செய்தவர் யார் என்னும் வினாக்களோ அத்துணை எளியனவல்ல. கருவி தானே குவியத்தைத் தேடிக்கொள்ளும் இந்நாளில் அவற்றைக் கேட்பாரும் அருகிவிட்டனர்.

ஒரு காலத்தில் வில்லையைச் சூழ்ந்த வளையத்தைக் கையால் திருகியே குவியத்தை நிறுத்த வேண்டியிருந்தது. தானே குவியும் கருவிகளுள் பெருமளவில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்த முதற்கருவியைக் கொனிக்கா நிறுவனம் 1977ஆம் ஆண்டில் வெளியிட்டது. 1985இல் வந்த மினோல்டா 7000, வில்லையை மாற்றிப் பொருத்தும் வகைக் கருவிகளிலும் அவ்வசதியை வேரூன்றச் செய்தது. கடைகளில் 'ஆட்டோ ஃபோகஸ்' என்று வழங்கும் இவ்வேலைப்பாடு வியப்புக்குரியது. வில்லையின் இரு பக்கங்கள் வழியே புகும் ஒளியைத் தனித்தனியே பிரித்து இரு சிறு பிம்பங்களாக்கி, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியுள்ளன என்று கருவி அளக்கிறது. விலகலின் அளவும் திசையும் தெரிந்ததும், வில்லையை எப்பக்கம் எவ்வளவு நகர்த்துவது என்பதும் தெரிந்துவிடுகிறது. கண் இமைப்பதற்குள் வேலை முடிந்துவிடும். முதுமையால் பார்வை மங்கியோர்க்கு இது பெரும்பேறு; இதனைப் பழிப்பது நன்றியாகாது.

ஆயினும் இம்முறை, ஒளியும் நிழலும் சந்திக்கும் விளிம்புகளை நம்பியே வாழ்கிறது. வெறும் வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடித்தால் வில்லை பற்றுக்கோடின்றி முன்னும் பின்னும் அலையும். கறுத்த முகம் மரநிழலிலும் வெண்சட்டை வெயிலிலும் இருப்பின், சட்டைக் கழுத்தின் ஓரமே அதற்கு எளிதில் பிடிபடும். பழைய கருவிகளில் குவியப்புள்ளி நடுவில் ஒன்றே இருந்தது. மணமக்கள் சற்று விலகி நின்றால் அப்புள்ளி இருவருக்கும் இடைப்பட்ட வெளியில் புகுந்து பின்சுவரில் போய் நிற்கும். சுவரின் வெடிப்புகூடத் தெளிவாக விழும், மணமக்கள் மங்கிப்போவர். கருவி தனக்கு இட்ட பணியைச் செவ்வனே செய்தது என்றுதான் அங்கும் சொல்ல வேண்டும்.

பிற்காலக் கருவிகள் முகத்தையும் கண்ணையும் தாமே கண்டுகொள்கின்றன. எனினும் முகங்கள் பலவாகும்போது, அண்மையில் உள்ளதையும் பெரிதாகத் தெரிவதையுமே அவை பெரும்பாலும் தேர்கின்றன. அருகில் இருப்போரையும் பெரியோராய்த் தோன்றுவோரையும் மட்டுமே கவனிக்கும் இவ்வழக்கம் மனிதரிடமிருந்து கருவிக்குச் சென்றதோ என்று ஐயுறத் தோன்றுகிறது.

ஆண்டிறுதியில் பள்ளிகளில் எடுக்கப்படும் வகுப்புப் படத்தை எண்ணிப் பார்க்கலாம். முன்வரிசை நாற்காலிகளில் தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் அமர்ந்திருப்பர். துளையை அகலத் திறந்து கருவியின் போக்கில் விட்டுவிட்டால் அவர்களின் கழுத்துப்பட்டையின் மடிப்பும் துலங்கும்; பலகைமீது நிற்கும் கடைசி வரிசைப் பிள்ளைகள் புகைபோல் விழுவர். பல ஆண்டுகள் கழித்து அப்படத்தைத் தேடி எடுப்போர் பிள்ளைகளே அன்றி ஆசிரியர்கள் அல்லர். இக்குறையை நீக்க விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டுவதில்லை. துளையை எட்டு என்னும் எண்ணுக்கோ அதற்கும் மேலோ சுருக்கினால் தெளிவின் ஆழம் கூடும். குவியத்தை முதல் வரிசையில் வைக்காமல் நடுவரிசைப் பிள்ளை ஒருவனின் கண்ணில் வைக்க வேண்டும். பொத்தானைப் பாதி அழுத்தினால் குவியம் அங்கேயே நிலைகொள்ளும். பிறகு சட்டகத்தைத் திருத்திக்கொள்ளலாம். துளை சுருங்கினால் ஒளி குறையும், திரை திறந்திருக்கும் நேரம் நீளும். ஆகவே முக்காலி தேவை. கையின் நடுக்கத்தால் வரும் மங்கலைக் குவியத்தின் பிழையென்று எண்ணிக் கருவியை நோவார் பலர். இத்தனைக்கும் கூடுதலாக ஆகும் பொழுது இரண்டு நிமிடம். அதனைச் செலவிட மனம் வருமா என்பது கருவி நூல்களில் எழுதப்படுவதில்லை.

தமிழில் 'கண்ணோட்டம்' என்றொரு சொல் உண்டு. இன்று அது கருத்துநிலை என்னும் பொருளில் மலிந்துவிட்டது. வள்ளுவரோ 58ஆம் அதிகாரத்திற்கு அப்பெயரையே சூட்டி, பிறர்மீது கண் சென்றவிடத்து இரக்கமும் உடன் செல்வதையே அச்சொல்லால் குறித்தார். பார்த்தலையும் பரிவையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழியில், யாரைத் தெளிவாகப் பார்ப்பது என்பது தொழில்நுட்ப வினாவாக மட்டும் இருக்க இயலாது.

தெளிவு ஒன்றே பரிவாகிவிடாது என்பதும் உண்மை. ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி டார்வின், டென்னிசன் முதலியோரை வேண்டுமென்றே சற்று மங்கலாகப் படம்பிடித்தார். குறை கூறியோரை மனத்திற் கொண்டு, எந்தக் குவியம் முறையானது என்று விதிக்கும் உரிமை யாருக்குண்டு என வானியலறிஞர் ஹெர்ஷலுக்கு 1864இல் எழுதிய கடிதத்தில் வினவினார். டென்னிசனின் முகம் அம்மங்கலால் சிறிதும் இழிவடையவில்லை. 1875இல் அவர் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். 1879இல் அங்கேயே மறையும்வரை அந்நாட்டு எளிய மக்களையும் படம்பிடித்தார். அப்படங்களுள் ஒன்று, களுத்துறைக் குடியானவர்கள் என்ற அளவிலேயே இன்றும் அறியப்படுகிறது. அதிலுள்ளோரின் முகங்கள் நன்றாகவே தெரிகின்றன. டார்வினின் பெயரைப் போல அவர்களின் பெயர்களை எவரும் குறித்து வைக்கவில்லை.