கருவியும் பற்றும்

நல்லூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்து, வெட்டுப்புள்ளிகளும் அறிவிக்கப்பட்டு, பல்கலைக்கழகத்திற்குத் தெரிவான செய்தி ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தபின், அங்கே எழும் முதற்பேச்சுக்களுள் ஒன்று, பிள்ளைக்கு ஒரு கணினி வாங்கிக் கொடுப்பது எவ்வாறு என்பதாகும். விலையையும் வசதியையும் பற்றிய இப்பேச்சைச் சமயத்தோடு சம்பந்தமில்லாத உலக விவகாரமென்று பலர் ஒதுக்கிவிடுவர். ஆயினும், எந்தப் பொருளை, எவருடைய உழைப்பின் பயனைக்கொண்டு, எந்தப் பிரயோசனம் கருதி, எந்த அளவுக்கு நாம் நமக்குரியதாக்கிக்கொள்ளலாம் என்னும் விசாரணை நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்த தர்ம விசாரணையாதலால், இதனை வெறும் விலைப்பட்டியலோடு முடித்துவிடுதல் பொருந்தாது.

அவ்விசாரணையின் கனத்தை உணர வேண்டுமாயின், பணம் எங்கிருந்து வருகின்றது என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெருமுயற்சியால் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, உயர்கல்வியின் வாசலை வறியவர்க்கும் திறந்துவைத்தது. ஆனால் அவ்வாசலைக் கடந்து உள்ளே சென்றபின் வேண்டப்படும் கருவியின் பாரமோ இன்னும் பெற்றோரின் தோள்மீதே இருக்கின்றது. 2022 இன் மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதமளவில் 360 ரூபாயைத் தொட்டபோது, பிறநாட்டிலிருந்து வரும் பண்டம் எதனையும்போலக் கணினியும் சாமானிய குடும்பத்தின் கைக்கு எட்டாத தூரத்துக்கு விலகிச் சென்றது. மகாபொலப் புலமைப்பரிசில் 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அத்தொகையைப் பெற்ற மாணவன் உணவுக்கும் போக்குவரத்துக்கும் ஒரு சதமேனும் எடுக்காது சேர்த்துவைத்திருந்தாலும், ஓர் இலட்சம் ரூபாயைக் காணப் பதின்மூன்று மாதங்களுக்கு மேலாகியிருக்கும். ஆதலால் தாயின் சங்கிலி அடைவுக்குப் போவதும், சீட்டுக்காசு முன்கூட்டியே எடுக்கப்படுவதும், வெளிநாட்டிலுள்ள தமையனுக்குத் தொலைபேசி அழைப்புச் செல்வதும் நம்மூரில் வழக்கமான நிகழ்ச்சிகளாயின. இத்தனை பேருடைய தியாகத்தால் வரும் ஒரு பொருளை வாங்குபவன், அதனை எந்த மனநிலையோடு வாங்குதல் வேண்டும்?

பற்றை அறுப்பதே சமயத்தின் சாரமென்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, புதிய பொருளொன்றை விரும்புவதே குற்றமோ என்ற ஐயம் எழுதல் இயல்பு. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்திலே யமங்கள் ஐந்தனுள் இறுதியாக அபரிக்கிரகத்தை வைத்தார். வேண்டாத பொருளைத் தன்னிடத்தே குவித்துக்கொள்ளாமை என்பது அதன் கருத்து. ஆனால் அவ்விரதம் வேண்டாததை விலக்கச் சொல்லுகின்றதேயன்றி, கடமைக்கு வேண்டியதை மறுக்கச் சொல்லவில்லை. சைவ சித்தாந்தமோ இதற்கு இன்னும் தெளிவான விடையைத் தருகின்றது. ஆணவ இருளில் அறிவு மறைந்து கிடக்கும் ஆன்மா தன்னை உணரும்பொருட்டுத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் இறைவன் மாயையிலிருந்து அதற்குக் கூட்டுகின்றான் என்பது அச்சாத்திரத்தின் துணிபு. பதினான்காம் நூற்றாண்டிலே வாழ்ந்த உமாபதி சிவாசாரியர், பொழுது விடியும்வரை உதவும் விளக்குக்கு மாயையை ஒப்பிட்டு இதனை விளக்கினார். உடம்பும் கருவிகளும் ஆன்மாவைக் கட்டுவனவாயினும் அதற்கு உதவுவனவுமாம். விளக்கை வெறுத்து எறிபவன் இருளிலே இடறுவான். விளக்கே சூரியனென்று மயங்குபவனோ விடிந்ததை அறியாதிருப்பான். கருவியைப் பழிப்பதும் கருவியை வழிபடுபொருளாக்குவதும் ஒரே அறியாமையின் இரு முகங்களேயாம்.

இத்தத்துவத்தை வாழ்ந்து காட்டிய பெரியார் நல்லூரிலேயே தோன்றினார். 1822 இல் இவ்வூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் இல்லறத்திற் புகாது, பேர்சிவல் பாதிரியாரின் கல்லூரியிலே தாம் வகித்த உத்தியோகத்தையும் 1848 இல் விடுத்து, அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, தம் வாழ்நாளைச் சைவத்துக்கும் தமிழுக்கும் ஒப்புக்கொடுத்தவர். தமக்கென்று ஒன்றும் வேண்டாத அந்த நைட்டிகப் பிரமசாரி, 1849 இல் தம் மாணாக்கர் சதாசிவபிள்ளையை உடனழைத்துக்கொண்டு, கடல் கடந்து சென்னை சென்றது ஓர் அச்சு யந்திரம் வாங்கும்பொருட்டேயாகும். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. அச்சு யந்திரம் அக்காலத்திலே எவரும் எளிதில் வாங்கத்தக்க பொருளன்று. மாற்றுச் சமயத்தார் அச்சு நூல்களால் ஊர்தோறும் பிரசங்கம் செய்துவந்த காலத்தில், ஏட்டுச்சுவடியும் எழுத்தாணியும் மட்டுமே நம் மரபுக்குப் போதுமென்று அவர் வாளாவிருந்தாரல்லர். வித்தியாநுபாலன யந்திரசாலை எழுந்தது. பாலபாடங்களும் பெரியபுராண வசனமும் அச்சேறி மாணாக்கரின் கைகளை அடைந்தன. பொருள்மீது ஆசையற்றவரே பொருளின் பயனை நன்கறிந்து அதனைத் தேடிச் சென்றார் என்பதே இங்கு நாம் கொள்ளவேண்டிய உண்மை. வைராக்கியம் கருவியைத் துறப்பதில் இல்லை. கருவியால் வரும் பெருமையைத் துறப்பதிலேயே இருக்கின்றது.

யந்திர நாகரிகத்தை 1909 இல் ஹிந்த் சுவராஜ் நூலிலே கடுமையாகக் கண்டித்த காந்தியடிகள்கூட, பின்னாளில் சிங்கர் தையல் யந்திரத்தைத் தம் கண்டனத்துக்கு விலக்காகக் கொண்டார். யந்திரத்தின்மீதுள்ள வெறியையே தாம் மறுப்பதாக அவர் தெளிவுபடுத்தியது, சித்தாந்தம் கருவிகளைப்பற்றிக் கூறுவதனோடு இசைந்து நிற்கின்றது.

இனி, அளவைப் பற்றிய கேள்வி எஞ்சுகின்றது. வாங்குதல் தகுமெனின், எத்தகையதை வாங்குதல் தகும்? செய்யவேண்டிய தொழிலே இதற்குப் பிரமாணமாதல் வேண்டும். கட்டுரை எழுதுதல், விரிவுரைக் குறிப்புக்களைப் படித்தல், இணையவழி வகுப்பிற் சேர்தல், கணக்கீட்டு அட்டவணைகளைத் தயாரித்தல் ஆகியவற்றுக்கு, 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி சேமிப்பும் கொண்ட, பாவித்த மடிக்கணினியொன்று, அதன் மின்கலமும் விசைப்பலகையும் நன்கு பரிசோதிக்கப்பட்டிருப்பின், கலைப்பீடத்து மாணவிக்கும் வணிகபீடத்து மாணவனுக்கும் போதியதாகும். கிளிநொச்சி அறிவியல் நகரிலே பொறியியல் பயிலுபவன் பாரிய வரைபடங்களையும் கணிப்புக்களையும் செய்யவேண்டியவனாதலால் அவனுக்கு வலிமை மிக்கதொன்று வேண்டும், அது ஆடம்பரமன்று. வின்டோஸ் 10 இயங்குதளத்துக்குரிய ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிவுற்றமையால், புதிய பதிப்பை ஏற்கமாட்டாத கணினிகள் பல பயனற்றவையெனக் கழிக்கப்படுகின்றன. ஆனால் அவற்றுள் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவினால், மேலும் சில ஆண்டுகள் அவை செவ்வனே உழைக்கும். அந்த லினக்ஸைத் தொடங்கியவர் 1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்திலே பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர். தம் உழைப்பின் பயனை உலகத்தாரெல்லாரும் விலையின்றிப் பெறும்படி அவர் விட்டுக்கொடுத்தமையை வித்தியாதானம் என்று சொல்லாது வேறென்ன சொல்வது?

தொழிலின் அளவைக் கடந்து, தோழன் வைத்திருப்பதைக் காட்டிலும் பளபளப்பானதை நாடும்போது, வேண்டுவது கல்வி அன்று, ஆணவம். அது தேவையின் வேடம் புனைந்து வருவதால் அதனை இனங்காணுதல் எளிதன்று. பெற்றோரிடம் நியாயங்களை அடுக்கும் நாவே தன் உள்ளத்தையும் ஏமாற்றிவிடும். இப்பொருளை ஒருவரும் காணாத அறையில் வைத்தே பயன்படுத்துவதாயின் இதனையே தெரிந்தெடுப்பேனா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் மாணவனுக்கு விடை உடனே கிட்டும்.

குறைந்ததைக்கொண்டு நிறைந்ததைச் செய்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1990 இன் பின்னர் குடாநாடு மின்சாரமின்றியும் பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய்க்கு அலைந்தும் கிடந்த காலத்தில், ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கின் வெளிச்சத்திலே படித்துப் பட்டம் பெற்றவர் பலர் இன்றும் நம்மிடையே ஆசிரியராகவும் வைத்தியராகவும் இருக்கின்றனர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்தன. அந்த இழப்பின் நினைவு மாறாத சமுதாயம், 2005 முதல் நூலகம் என்னும் மின்னூலகத்திலே ஈழத்து ஏடுகளையும் பத்திரிகைகளையும் திரட்டிவருகின்றது. விலை குறைந்த கணினியொன்றும் அக்களஞ்சியத்தின் கதவைத் திறக்கும். அதைத் திறந்து வாசிக்கும் சிரத்தை இல்லாதவனிடத்து விலையுயர்ந்த கணினியும் வீணே.

வாங்கியபின் அப்பொருள் யாருடையது? இதனை ஒரு களஞ்சியக் காவலரின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். யோகர் சுவாமிகள், நல்லூர்த் தேரடியிலே செல்லப்பா சுவாமிகளைக் குருவாகக் காணுமுன், கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றினார். களஞ்சியத்தைக் காப்பவன் அங்குள்ள ஒவ்வொரு பொருளையும் அக்கறையோடு பேணுவான், உரியவர்க்கு உரிய வேளையில் வழங்குவான், கணக்கு ஒப்புவிப்பான், ஆயினும் அவற்றுள் ஒன்றையும் தனதென்று எண்ணான். கணினியைப் பெற்ற மாணவனின் நிலையும் இதுவேயாதல் வேண்டும். தாயின் சங்கிலியும் தமையனின் இரவு வேலையும் அதனுள் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. அதனை வீண் கேளிக்கையிற் கழிப்பது பிறர் பொருளைச் சிதைப்பதாகும். தங்கைக்குப் பாடம் சொல்லவும், கணினியில்லாத அயல்வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாலைப்பொழுது கொடுத்துதவவும், பட்டம் பெற்றுச் செல்லுகையில் பின்வரும் ஒருவனுக்குக் கையளிக்கவும் பயன்படுத்துவது கணக்கை நேர்மையாக ஒப்புவிப்பதாகும்.

மாணவனுக்குச் சொன்னது சமுதாயத்துக்கும் பொருந்தும். பொருள்களின் விலை இத்தனை ஏறியும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாயாகவே இருந்துவருகின்றது. அங்கே ஆடவர் யாவரும் மேலாடை களைந்தே உட்புகுவதால் செல்வனும் வறியவனும் ஒரே கோலத்தில் முருகன்முன் நிற்கின்றனர். சந்நிதானத்திலே நாம் போற்றும் இந்தச் சமத்துவம் கல்விக்கூடத்திலும் நிலவுதல் வேண்டாமா? சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கும், 1921 இல் திருநெல்வேலியிலே பரமேஸ்வராக் கல்லூரி என்னும் பெயரில் ஆண்களுக்கும் தம் திரவியத்தைக்கொண்டு கல்விச்சாலைகளை அமைத்தார். 1974 இல் நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தோன்றியது அப்பரமேஸ்வராவின் வளவிலேதான். அன்னதானத்துக்கு உவந்து கொடுக்கும் நம்மவர், திருவிழாவுக்குப் புலம்பெயர் நாடுகளிலிருந்து வருகையில், தாம் மாற்றிய நல்ல நிலையிலுள்ள கணினிகளையும் ஒரு தகுதியான மாணவனுக்கென்று கொண்டுவருவாராயின், அது அந்தத் தர்மத்தின் தொடர்ச்சியேயாகும்.

நவராத்திரியில் நூல்களோடு கணினிக்கும் சந்தனமிட்டுப் பூவைக்கும் வழக்கம் இன்று பல வீடுகளில் வந்துவிட்டது. அப்பூசைக்குப் பொருள் உண்டாவது, கருவியை வாங்கும்போது தேவையளவில் நின்று, பயன்படுத்தும்போது கடமையில் நின்று, பயன் முடிந்தபோது பிறர்க்கு ஈந்துவிடும் ஒழுக்கத்தினாலேயே. அவ்வொழுக்கமுடைய மாணவன் மலிவான கணினியை வாங்குவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. விலையுயர்ந்தது வேண்டியவன் அதனைப் பெறுவதற்கு அஞ்சவும் வேண்டியதில்லை. இருவரும் இறைவன் கூட்டிய கருவியைக்கொண்டு அறிவைத் தேடும் ஒரே வழியிலே செல்பவர்களேயாவர்.