விண்ணப்பம் நம்முடையது, முடிவு நம்முடையதன்று

சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளியின் பிள்ளையொருவர் வேதியியல் படிப்பதாக வைத்துக்கொள்வோம். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாடமி வேறிரு அகாடமிகளுடன் சேர்ந்து, கோடையில் இரண்டு மாதம் விஞ்ஞானிகளிடம் ஆராய்ச்சி பயில மாணவர்களுக்கு உதவித்தொகையுடன் வாய்ப்பளித்து வருகிறது. "நமக்கெங்கே கிடைக்கப்போகிறது?" என்று அவர் பேசாமலிருந்து விடுகிறார்.

இதைப் பணிவென்று நாம் மெச்சுகிறோம். பணிவுடையவரோ தம் தகுதியைத் தேர்வாளர்முன் வைத்துத் தீர்ப்பை அவரிடம் விடுவார். விண்ணப்பிக்காதவர் தீர்ப்பையும் தாமே எழுதிவிடுகிறார். முயன்றபின் முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல். முயலாமலே முடிவு கட்டுவது தவக்குல் ஆகாது.

அவரிடம் சொல்ல ஒன்றுமில்லையா? வாணத்தில் பேரியம் பச்சை, ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு என்பது அவர் வீட்டுப் பேச்சு. பட்டாசில் பேரியம் உப்புகளை 2018இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதற்கு மாற்று எது என்பது நம்மூர் அடுப்பைத் தொடும் கேள்வி.

இராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்கள் விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் சென்றார்கள். இருந்தவை எட்டு இடங்கள். அவர்கள் பெற்றதோ ஒன்பதாமிடம். மனம் நொந்தார்கள், முயற்சியை விடவில்லை. அவர்கள் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 ராக்கெட் 1979இல் கடலில் விழுந்தது. 1980இல் ரோகிணியை விண்ணில் சேர்த்தது.

எல்லோரும் கலாம் ஆவார்களா? ஆகமாட்டார்கள். இடம் கிடைக்காமலும் போகலாம். நோயுற்ற தாயாரை விட்டுப் போகமுடியாதென்றால் அது நியாயமான காரணம். "நான் எம்மாத்திரம்" என்பது காரணமன்று, அச்சம்.

ஆகவே பெற்றோர்களே, ஆசிரியர்களே! பிள்ளை தயங்கும்போது நாமும் சேர்ந்து தயங்கலாகாது. இரண்டு ரக்அத் தொழுது, விண்ணப்பத்தை அனுப்பச் சொல்வோம்.